அபராதம் கூரையைத் தாங்குமா?

பெயரிலே உல்லாசம் உண்டு, உறையுளிலே உண்டா? கலியாணுக்கு அடுத்துள்ள உல்லாஸ்நகரின் தெருக்களில் நடந்து பார்த்த எவருக்கும் இக்கேள்வி எழாமற் போகாது.

இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்தாருக்காக எழுந்த கலியாண் முகாமே இந்நகரின் தொடக்கம். 1947இல் நாடு பிரிவுற்றபோது, சிந்துவிலிருந்து வந்த ஏறத்தாழ ஒரு லட்சம் அகதிகள் இங்கே குடியேற்றப்பட்டனர். 1949 ஆகஸ்டு 8ஆம் நாள் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி அடிக்கல் நாட்ட, உல்லாஸ் ஆற்றின் பெயரே ஊரின் பெயராயிற்று. சிப்பாய்கள் சில காலம் தங்குவதற்கென்று கட்டிய கொட்டகைகளில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழலாயின. மக்கள் பெருகினால் வீடும் பெருகத்தானே வேண்டும்? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. கொட்டகைகள் இருந்த இடங்களில் அனுமதியின்றியே மாடிமேல் மாடி எழுந்தது.

2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் 855 கட்டடங்களை இடிக்கச் சொல்லிற்று. குடியிருந்தோர் கலங்கினர். 2006இல் மாநில அரசு, அபராதம் பெற்றுக்கொண்டு அத்தகைய கட்டடங்களை முறைப்படுத்த வழி செய்தது. குடும்பங்கள் தெருவுக்கு வரவில்லை. அந்த மட்டில் நன்றே. ஆனால் அபராதத்தால் ஆவணம் திருந்தும். துருப்பிடித்த கம்பி திருந்துமா? 2021 மே மாதத்தில், இரு வாரங்களுக்குள் இந்நகரின் இரு அடுக்குமாடிக் கட்டடங்களில் தளம் இடிந்து விழுந்து பத்துப் பேருக்கு மேல் மாண்டனர்.

சூழலுக்கிசைந்த கட்டடக்கலை பற்றி இன்று கல்லூரிகளில் ஆராய்ச்சி பெருகியிருக்கிறது. மகிழ்ச்சியே. லாரி பேக்கர் கேரளத்தில் செங்கல்லைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினார். கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெப்பமும் குறைவு. ஆரோவில் மண் ஆராய்ச்சி நிலையத்தார் மண்ணில் சிறிதளவு சிமெண்டு கலந்து, சூளையில் சுடாமலே அழுத்திக் கல் செய்கின்றனர். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருகிறது என்னும்போது இம்முயற்சிகளின் அருமை விளங்கும்.

எனினும், எந்தக் கல்லால் கட்டுவது என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இந்த வீடு எப்படி வளரும்? முப்பதாண்டில் இடிந்து விழும் வீடு எந்தக் கல்லால் எழுந்தாலும் வீணே. இடிக்க நேராத வீடே சிக்கனமான வீடு.

இதற்கு விடை தேடியவர் சார்லஸ் கொரியா. 1980களில் நவி மும்பையின் பேலாப்பூரில் அவர் அமைத்த குடியிருப்பில், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மனை. அடுத்த வீட்டோடு பொதுச் சுவர் கிடையாது. கையில் பணம் சேரும்போது குடும்பமே அறையைக் கூட்டிக்கொள்ளலாம். அண்டை வீடு அசையாது. இன்று அங்கே பல வீடுகள் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டன. அதைத் தோல்வி என்பார் உளர். மாற இடம் விட்டதையே வெற்றி என்பேன் நான்.

'ஏழைகளுக்கு அடுக்குமாடி கட்டிக் கொடுத்தால் தீர்ந்தது' என்பாரும் உளர். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துத் தலைச்சுமையாய் விற்கப் போகும் நம் தமிழ்க் குடும்பத்துக்கு வீடே தொழிற்சாலை. பானை வனையும் குயவருக்கோ முற்றமும் சூளையும் வேண்டும். இவர்களைக் கேளாமல் வரையும் படம் எத்துணை அழகாயினும் என்ன பயன்?

மாணவ நண்பர்களே! அடுத்த விடுமுறையில் உல்லாஸ்நகரிலோ தாராவியிலோ பத்து வீடுகளை அளந்து பாருங்கள். மழைநீர் கசியுமிடம், கம்பி வெளியே தெரியுமிடம், சுமை ஏற்றக் கூடாத இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். வயதான மேஸ்திரி ஒருவரிடம் பாடம் கேளுங்கள். கண்டதை ஆங்கில ஆய்வேடாக அலமாரியில் உறங்கவிடாமல், தமிழிலும் சிந்தியிலும் மராத்தியிலும் நான்கு பக்கச் சிறு நூலாக்கி அவ்வீட்டாரிடமே கொடுங்கள்.

தலைக்குமேல் உள்ள தளத்தை நம்பி ஒரு தாய் குழந்தையை உறங்க வைக்கிறாள். அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்காத ஆராய்ச்சி நமக்கு எதற்கு?