பால் குறைந்தால் யார் பொறுப்பு?

மங்கில் பால் குறைந்தால் முதற்பழி வெட்டுக்காரர் கையின்மேல் விழுகிறது. "வெட்டு சரியில்லை" என்கிறார் தண்டல். நிர்வாகமும் ஆமாம் போடுகிறது. மரத்துக்குச் சாப்பாடு போட்டார்களா என்று எவரும் கேட்பதில்லை.

தோழர்களே, உரக் கணக்குப் புத்தகம் கிராணியாகிய என் மேசையில்தான் இருக்கிறது. உக்ரேன் போரையொட்டி 2022இல் உரவிலை ஏறிற்று. எங்கள் ஜொகூர்த் தோட்டத்தில் அன்று குறைத்த மூட்டைகள் இன்னும் திரும்பவில்லை. மரம் உடனே சொல்லாது. சேர்த்து வைத்ததைத் தின்று சில காலம் ஓட்டும். பிறகுதான் மங்கு சொல்லும்.

உரம் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. 1900களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் புல் பூண்டில்லாமல் தரையைச் செதுக்கி வைத்தார்கள். மேட்டு நிலத்தின் மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. அதன் பின்னரே பியூரேரியா போன்ற கொடிகளைப் பரப்பினார்கள். அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. இன்றோ மருந்தடித்து மறுபடியும் தரையை மொட்டையடிக்கிறோம்! வடகிழக்குப் பருவமழையில் அந்தச் சரிவில் போட்ட உரம் யாருக்கு? கால்வாய்க்குத்தான்.

இலையையும் மண்ணையும் சோதித்தால் எந்தச் சத்துக்குப் பஞ்சம் என்பது தெரிந்துவிடும். அந்த முடிவை நிர்வாகம் தொழிற்சங்கத்தின் முன் வைக்கட்டும். அதுவரை பால் குறைவைக் காட்டி எவர் கூலியிலும் கை வைக்கலாகாது.