பூச்சிப் படம் தெளிவாயிருத்தல் அவசியம்

கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டிப் பூச்சிமருந்து வாங்குவது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. படம் மங்கலாயின் நண்பனும் பகைவனாகத் தோன்றுவான். செம்பருத்தியில் மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு, வெண்மெழுகிழைகள் மூடி மாவுப்பூச்சியைப் போலவே காணப்படும். 1898-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவினின்று இந்தியாவுக்குக் கொணரப்பட்ட இவ்வண்டை மருந்தடித்துக் கொல்லுதல் பெருநஷ்டமாகும்.

ஆகவே, பூச்சிகள் குளிரால் மந்தமாயிருக்கும் விடியற்காலையில், காற்றடங்கிய சமயத்தில் படமெடுத்தல் நலம். மிக நெருங்கி மங்கச் செய்வதினும், சற்று விலகித் தெளிவாக எடுத்துப் பின்னர்ப் பெரிதாக்குதல் மேல். மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றும் எடுத்து, அளவறிய அதே தூரத்தில் ஒரு நெல்மணியையும் படமெடுத்தல் வேண்டும். தெளிவற்ற படத்தைக் கிராம அதிகாரிகள் ஏற்காது திருப்புவதே குடியானவர்க்குச் செய்யும் உதவியாம். வீண் மருந்துச் செலவை நோக்க, இச்சிரமம் பெரிதன்று.