மரம் வெட்ட எவ்வளவு?

"மரத்துக்கு எவ்வளவுண்ணே?"

புதுக்கோட்டை மாவட்டத்தில் மரம் வெட்டுகிறவரைக் கூப்பிடும் யாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆலங்குடியோ, கீரமங்கலமோ, அறந்தாங்கியோ, கேள்வி மாறாது. அவரும் மரத்தடியில் நின்று அண்ணாந்து ஒரு பார்வை பார்ப்பார். சுற்றி ஒரு நடை நடப்பார். பிறகு ஒரு தொகை சொல்வார். "அம்புட்டா? பக்கத்து ஊர்க்காரரு பாதிக்கு வர்றேங்கிறாரே!" என்பார் வீட்டுக்காரர். பேரம் தொடங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேருமே குத்துமதிப்பில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவருக்குக் கூலிக் கணக்கு தெரியாது. இன்னொருவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். நாலு பேர், ஒரு மிஷின், இரண்டு வடக்கயிறு, வாடகைக்கு ஒரு டாட்டா ஏஸ். இவ்வளவுதான் அந்தத் தொழிலின் மொத்த முதலீடு. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் முப்பது அடி உயரத்தில், ஓடுகிற ரம்பத்தோடு தொங்கப்போகிறார். அவர் எப்படி ஏறுவார், எத்தனை நேரம் எடுத்துக்கொள்வார், கிளையைக் கட்டி இறக்குவாரா இல்லை அப்படியே தள்ளிவிடுவாரா என்பதெல்லாம் மரத்தடியில் பேசி முடிக்கிற அந்த ஒற்றைத் தொகையில்தான் இருக்கிறது.

"மரத்துக்கு இத்தனை" என்ற பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும்? தென்னந்தோப்பில் இருந்துதான் என்று தோன்றுகிறது. தேங்காய் பறிக்கிறவருக்கு மரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. அது நியாயமான கணக்கு. ஒரே வயதில், ஒரே இடைவெளியில் வைத்த நூறு மரம். ஏறு, பறி, இறங்கு, அடுத்தது. ஒரு மரத்துக்கும் அடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

பி.காம் நண்பர்களுக்கு இந்த இடத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் ஞாபகம் வரும் (பரீட்சைக்கு முதல் நாளாவது புரட்டியிருப்பீர்கள்தானே?). எல்லாம் ஒரே மாதிரியாக வெளியே வருகிற சிமெண்ட், சர்க்கரை போன்றவற்றுக்கு ப்ராசஸ் காஸ்டிங். ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கிற அச்சகம், ஒர்க் ஷாப் வேலைகளுக்கு ஜாப் காஸ்டிங். தேங்காய் பறிப்பது முதல் வகை. மரம் வெட்டுவது, அதுவும் வீடுகளுக்கு நடுவே வெட்டுவது, சுத்தமாக இரண்டாவது வகை. நம்மூரில் இரண்டாவது வேலைக்கு முதல் வேலையின் கணக்கைப் போட்டு விலை பேசுகிறோம். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தொகைகள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். ஊருக்கு ஊர் கூடும், குறையும். ஒரு வேப்பமரம், விறகாக இரண்டு டன் தேறும். டன் 3,000 என்றால் கட்டையின் விலை 6,000 ரூபாய்.

அந்த மரம் வயல் வரப்பில் நிற்கிறது என்று வையுங்கள். அடியில் அறுத்துத் தள்ளினால் அரை நாள் வேலை. ஏறுகிறவருக்கு நாள் கூலி 1,500, கீழே மூன்று பேருக்குத் தலா 900, ஆக ஒரு நாளைக்கு 4,200. அரை நாளைக்கு 2,100. பெட்ரோல், ஆயில், செயின் தீட்டுவது 300. வண்டி 1,500. மிஷின் தேய்மானம் 100. மொத்தம் 4,000. கட்டையை விற்றால் 2,000 மிஞ்சும். ஆகவே மரம் வெட்டுகிறவரே தோட்டக்காரர் கையில் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு மரத்தை எடுத்துப் போகலாம்.

அதே மரம், அதே இரண்டு டன். இப்போது அது ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது, பக்கத்திலேயே கரண்ட் கம்பி. ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். இரண்டு நாள் ஆகும். கூலி 8,400, எரிபொருள் வகையறா 1,200, வண்டி 1,500, தேய்மானம் 400. மொத்தம் 11,500. கட்டை விலை 6,000 போனால் மீதி 5,500-ஐ வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். இதில் தொழில் செய்பவருக்கு லாபம் என்று ஒரு பைசாகூட இன்னும் சேர்க்கவில்லை. மழைக்கால மூன்று மாதம் பாதி நாள் சும்மா உட்கார்ந்திருப்பதையும் சேர்க்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் 7,000 கேட்க வேண்டும்.

வீட்டுக்காரர் என்ன சொல்வார்? "என் மச்சான் தோட்டத்துல இதே சைஸ் மரம், வெட்டுனவன் ஆயிரம் ரூவா குடுத்துட்டுப் போனான். நீ என்னப்பா மரத்தையும் எடுத்துக்கிட்டு ஏழாயிரம் கேக்குற?"

அவர் பேராசைக்காரர் இல்லை. அவர் கண்ணுக்குக் கட்டை தெரிகிறது, கயிறு தெரியவில்லை. மரத்தின் விலையும் வேலையின் விலையும் ஒரே தொகைக்குள் கலந்து கிடப்பதால் வேலைக்கு என்று ஒரு விலை இருப்பதே மறைந்துபோகிறது. "கட்டையை எடுத்துக்கிட்டு வெட்டிக் குடுத்துடு" என்ற ஒப்பந்தத்தில் நல்ல கட்டை உள்ள மரமெல்லாம் லாபம், ஆபத்தான மரமெல்லாம் நஷ்டம். தென்னை இன்னும் மோசம். உயரம் அதிகம், கட்டைக்கு விலை குறைவு.

இதுபோக சொல்லாமல் விட்டுப்போகிற சில்லறைகள் ஏராளம். தூரை எடுப்பதா, தரைமட்டத்தோடு விடுவதா? வீட்டுக்காரர் எடுப்பது என்று நினைத்திருப்பார், வெட்டுகிறவர் விடுவது என்று நினைத்திருப்பார். தூருக்கு ஜேசிபி வந்தால் அதன் வாடகை யார் தலையில்? தழையை யார் அள்ளுவது? ஓடு உடைந்தால்? கரண்ட் கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்த வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளுக்காகக் காத்திருக்கிறவர்களும் உண்டு. அன்றைக்கு மழை வந்தால் வேலை தள்ளிப்போகும், கூப்பிட்ட ஆட்களுக்குக் கூலி தள்ளிப்போகாது. பனைமரமாக இருந்தால் 2021-ல் வந்த வேளாண் பட்ஜெட் அறிவிப்புக்குப் பிறகு கலெக்டர் அனுமதி வேறு வேண்டும். இவற்றில் எதற்கும் மரத்தடிப் பேரத்தில் இடமில்லை.

"மரத்துக்கு இத்தனை" என்ற கணக்கு மொத்த மாவட்டத்துக்கும் போடப்பட்டது 2018-ல். அந்த வருடம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலோரத்தோடு நிற்காமல் உள்ளே வந்து ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கறம்பக்குடி பக்கமெல்லாம் தென்னையும் பலாவும் சாய்ந்தன. அரசு அறிவித்த நிவாரணம் ஒரு தென்னைக்கு 1,100 ரூபாய். அதில் 600 மரத்துக்கு, 500 வெட்டி அப்புறப்படுத்த. ஹெக்டேருக்கு 175 மரம் என்று வைத்து 1,92,500 ரூபாய்.

அந்த 500-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். நிவாரணம் என்று சொன்னாலும் அது ஒரு கொட்டேஷன்தான். திறந்த தோப்பில் தனியாகச் சாய்ந்து கிடக்கிற தென்னைக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்து மரம் பின்னிக் கிடந்தால்? பாரத்தோடு வளைந்து கிடக்கிற மரத்தில் தப்பான பக்கம் ரம்பம் வைத்தால் அது வில் மாதிரி தெறிக்கும், ஆளை அடிக்கும். வீட்டுக் கூரை மேல் கிடப்பதற்கும் 500, வரப்பில் கிடப்பதற்கும் 500. அதுவும் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் மிஷினும் ஆளும் தேவைப்படுகிற நேரம். கூலி ஏறாமல் என்ன செய்யும்? அப்படியே போட்டு வைக்கவும் முடியாது. அழுகுகிற தென்னங்கட்டையில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைத்துப் பெருகும், புதிதாக வைக்கிற கன்றைத் தின்னும்.

அரசைத் திட்டுவது சுலபம். ஆனால் ஒரு விஏஓ மரம் மரமாகப் போய் நின்று இது கஷ்டமான மரம், இது லேசான மரம் என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தால் பணம் வந்து சேர வருடக்கணக்காகியிருக்கும். அவசரத்துக்கு ஒரே தொகை என்பது சரி. வீட்டு மேல், ரோட்டு மேல், கம்பி மேல் விழுந்தவற்றுக்கு மட்டும் இன்னொரு தொகை வைத்திருக்கலாமே? இரண்டே விலை. அதை எண்ணுவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

சரி, பேரத்துக்கு வருவோம். மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரைக் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று எல்லாரும் நினைக்கிறோம். 1971-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் என்ற எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர்கள் மூன்று பேர், கேப்பன், க்ளாப், கேம்ப்பெல், ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்பது கேள்வி. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது. அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆளாளுக்கு ஒரு மதிப்பு. அதில் யார் அதிகமாகத் தப்பாக மதிப்பிட்டாரோ அவரே அதிக விலை கேட்டு ஏலத்தை ஜெயிப்பார். ஜெயித்ததுதான் சாபம்!

மரத்தை எடுத்துப் போக ஊரில் விடும் ஏலத்துக்கு இது அப்படியே பொருந்தும். கொட்டேஷனுக்கோ தலைகீழாகப் பொருந்தும். மரத்தின் உள்ளே பொந்து இருக்கிறதா, கிளை எத்தனை பாரம் என்று கீழே நிற்கும் மூன்று பேருக்கும் முழுசாகத் தெரியாது. மூவரில் மிகக் குறைவாகச் சொன்னவர் பெரும்பாலும் எதையோ பார்க்காமல் விட்டவர். அல்லது பார்த்துவிட்டு, பரவாயில்லை, கயிறு இல்லாமல் பையனை ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தவர். வேலை பாதியில் நஷ்டம் தெரியவரும்போது எதில் மிச்சம் பிடிப்பார்? கூலியை அன்று மாலையே கொடுத்தாக வேண்டும். பெட்ரோலில் பிடிக்க முடியாது. நேரத்தில்தான் பிடிக்க முடியும். கட்டி இறக்க வேண்டிய கிளையைத் தள்ளிவிடுவது, இருட்டின பிறகும் ஏறி நிற்பது எல்லாம் அப்படி வருவதுதான். மரவளர்ப்பு நிபுணர்களுக்கான சர்வதேச அமைப்பு (ஐஎஸ்ஏ, 1924-லிருந்து இருக்கிறது) வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் அறிவுரையிலேயே, குறைந்த விலை என்பதற்காக மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், எழுதி வாங்குங்கள் என்று இருக்கிறது.

"இன்சூரன்ஸா, நம்மூர்லயா?" என்று சிரிக்க வேண்டாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடத்துக்கு 20 ரூபாய் (2022 வரை 12 ரூபாய்தான்). பேங்க் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையுள்ள யாரும் சேரலாம். விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். நாலு பேருக்கு வருடத்துக்கு 80 ரூபாய், ஒரு வேளை டீ வடைச் செலவு. இரண்டு லட்சம் ஒரு குடும்பத்துக்குப் போதாது என்பது வேறு விஷயம். 1923-ம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் மரம் வெட்டும் வேலை பெயர் சொல்லியே இருந்தது. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனாலும் காலையில் கூப்பிட்டு மாலையில் கூலி வாங்கிப் போகிற ஒருவர், யாரிடம் வேலை பார்த்தோம் என்று நிரூபிக்கவே ஒரு துண்டுக் காகிதம் வேண்டாமா?

எழுதிக் கொடு, பிரித்துக் கொடு என்றால், "அப்படியெல்லாம் பேசினா வேலை அடுத்தவனுக்குப் போயிடும் தம்பி" என்பார்கள் தொழிலில் இருப்பவர்கள். உண்மைதான். எல்லாரும் ஒரே தொகை சொல்லும் ஊரில் ஒருவர் மட்டும் நாலு வரி எழுதினால் அவர்தான் விலை ஏற்றுபவராகத் தெரிவார். வசதியில்லாத ஒரு பாட்டியின் வீட்டு மேல் சாய்ந்த மரத்துக்கு 7,000 என்று எழுதிக் கொடுத்தால் அந்த மரம் அப்படியே நிற்கும், அடுத்த புயலில் அதுவே இறங்கும். இதற்குக் கொட்டேஷனில் விடை கிடையாது. ஊராட்சிதான் ஏதாவது செய்ய வேண்டும்.

ஆனால் கொடுக்க முடிந்தவர்கள் விஷயத்தில் சாக்கு இல்லை. கேட்கிறவரே பிரித்துக் கேட்கலாம். "அண்ணே, வேலைக்கு எவ்வளவு, கட்டைக்கு எவ்வளவு கழிப்பீங்க, தூர் சேர்த்தியா, ஏறுறவருக்குக் கயிறு இருக்கா?" எல்லாம் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பதிலை ஒரு கேலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கீழே இரண்டு பேரும் தேதி போட்டால் போதும்.

மரவாடியில் இதெல்லாம் புதிதே இல்லை. அங்கே எடை மேடைச் சீட்டு இல்லாமல் ஒரு டன் கட்டைகூடக் கைமாறாது.