கீழே வைத்த தப்பும் கையில் எடுத்த பறையும்



போன பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் இறங்கிக் கண்மாய்க் கரையோடு நடந்தால் எங்க சேரி. கண்மாய் என்று சொல்வது பழக்கதோஷம். அதில் தண்ணி கிடந்து பார்த்த வருசங்கள் கொஞ்சம்தான். சுத்திலும் சீமைக்கருவை. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதுதான் பாதிப் பேருக்குப் பொழைப்பு.

அண்ணன் மகள் மதுரையில் காலேஜ் படிக்கிறாள். ஒரு வாரப் பட்டறையில் பறை கற்றுக்கொண்டு, புதுப் பறை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். சேரியில் எங்க சின்னத் தாத்தா ஒருத்தர்தான் பழைய ஆட்டக்காரர்களில் மிச்சம். அவர் திண்ணையில் போய் உட்கார்ந்து, "தாத்தா, பழைய அடி ரெண்டு சொல்லிக் குடுங்க" என்றாள். அவர் பறையைத் தொடவே இல்லை. "இதக் கீழ வைக்கத்தான் தாயி நாங்க அடி வாங்குனோம். மறுபடி எடுக்கவா ஒன்னப் படிக்க வச்சோம்?" என்றார். அவ்வளவுதான். துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அவர் சொன்னது பேச்சுக்கு இல்லை. 1990களின் நடுவில் எங்க தெருவே கூடி, இனி கேதம் சொல்லப் போக மாட்டோம், ஊரான் சாவுக்குத் தப்படிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. அதுவரைக்கும் கூலி என்ன? கொஞ்சம் கம்பு, ஒரு துண்டு, குடிக்கச் சாராயம். நடுச்சாமத்தில் வந்து தெருமுனையில் நின்று கூப்பிட்டாலும் எழுந்து போகணும், காய்ச்சல் என்றாலும் போகணும். முடியாது என்று சொன்னதும் ஊர் கடையை அடைத்தது, காட்டு வேலையை நிறுத்தியது. பஸ் ஏறி அருப்புக்கோட்டை போய்த்தான் உப்பும் புளியும் வாங்கினோம். தாத்தாவின் இடது கை இன்றைக்கும் முழுசாக நீளாது.

ரெண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது. இந்தச் சிக்கலை நம்மைவிட வெகு காலத்துக்கு முன்பே சந்தித்த ஒருத்தியின் வாழ்க்கையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேதரின் டன்ஹாம். 1909இல் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். ஆட்டக்காரி, ஆட்ட வாத்தியார், மானிடவியல் படித்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே உதவித்தொகை பெற்று, 1935இல் கரீபியத் தீவுகளுக்குப் போனார். அடிமைக் கப்பலில் ஏற்றி வரப்பட்ட மக்கள் தங்கள் உடம்பில் எதை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள் என்று தேடித்தான் அந்தப் பயணம்.

ஜமைக்காவில் அக்கொம்பொங் என்றொரு மலைக் கிராமம். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடி, வெள்ளைப் பட்டாளத்தோடு சண்டை போட்டு, 1739 வாக்கில் உடன்படிக்கை வாங்கிய மரூன்களின் ஊர். டன்ஹாம் ஒரு மாதம் போல அங்கே தங்கினார். அவர் பார்க்க விரும்பியது கொரமாண்டி என்கிற போர் ஆட்டம். யாரும் ஆடிக் காட்டவில்லை. ஆகட்டும் பார்க்கலாம் என்றே நாளை ஓட்டினார்கள். தங்கிய காலம் முடியப்போகிற நேரத்தில்தான் அது அவர் கண்ணில் பட்டது. படித்தவள், தங்கள் நிறத்தவள் என்பதற்காக மட்டும் அந்த மக்கள் கதவைத் திறந்துவிடவில்லை. எங்க சின்னத் தாத்தாவும் அக்கொம்பொங்காரர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹைட்டிக்கும் போய், 1936இல் ஊர் திரும்பினார் டன்ஹாம். அந்த வருசத்தைக் கவனியுங்கள். அதே 1936இல்தான் சென்னை அடையாறில் ருக்மிணிதேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். தேவதாசிகளும் நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்த சதிர், 'தூய்மை' செய்யப்பட்டுப் பரதநாட்டியம் என்று மேல்சாதி வீட்டுப் பெண்களுக்கு வந்து சேர்ந்த காலம் அது. ஆடிக்கொண்டிருந்த பெண்களுக்குக் கடைசியில் வசவுதான் மிஞ்சியது. டன்ஹாம் செய்தது வேறு. கற்ற ஆட்டத்தின் அழுக்கைக் கழுவுகிறேன் என்று அவர் கிளம்பவில்லை. இடுப்பும் தோளும் தனித்தனியாகப் பேசுகிற அந்த அசைவுகளையே பாடமாக்கி, டன்ஹாம் முறை என்று பேர் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். 1940களில் நியூயார்க்கில் அவர் நடத்திய பள்ளியில் ஆட்டத்தோடு மானிடவியலும் மொழிகளும் பாடம். கறுப்பர் வெள்ளையர் என்று பிரிக்காமல் சேர்த்துக்கொண்டார்.

அவர் ஆடியதைவிட ஆட மாட்டேன் என்று சொன்னதுதான் எனக்கு முக்கியம். 1944இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ஆட்டம். கறுப்பர்களைத் தனியாக மாடியில் ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் மேடையில் நின்றபடியே, எங்கள் ஜனம் உங்களோடு சமமாக உட்கார முடிகிற நாள் வரைக்கும் இங்கே திரும்ப மாட்டேன் என்று அறிவித்தார். 1950இல் பிரேசில் நாட்டுச் சாவோ பாவ்லோவில் ஒரு ஓட்டல் அவருக்கு அறை தர மறுத்தது. பொறுத்துப் போகவில்லை, பகிரங்கமாகப் பேசினார். நாடே அதைப் பேசியது. நிறப் பாகுபாட்டைத் தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் 1951இல் அங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதே 1951இல், கறுப்பர்களைக் கூட்டம் கூடி அடித்து மரத்தில் தொங்கவிடும் கொடுமையை 'சவுத்லேண்ட்' என்று ஆட்டமாக்கிச் சிலி நாட்டுச் சாந்தியாகோவில் ஆடினார். அமெரிக்க அதிகாரிகளுக்கு ஆகவில்லை. 1953இல் பாரிசில் ஆடியதோடு அது முடக்கப்பட்டது.

1967 வாக்கில், பேர் புகழோடு சொகுசாக இருந்திருக்க வேண்டிய வயதில், ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்கிற நொடித்துப்போன தொழில் நகரத்துக்குக் குடி போனார். ரவுடிகள் என்று போலீஸ் பேர் கொடுத்த பையன்களைக் கூப்பிட்டுத் தாளமும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்தார். 1992இல், 82 வயதில், ஹைட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்புவதைக் கண்டித்து 47 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2006இல் இறந்தார்.

நம்ம பக்கமும் ஆள் இல்லாமல் இல்லை. கே.ஏ. குணசேகரன் 1955இல் பிறந்த மாரந்தை, இளையாங்குடிப் பக்கம். எங்களுக்குப் பக்கத்து வறட்சி. 1985இல் மூன்றாகப் பிரிக்கிறவரைக்கும் எல்லாம் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தானே. நாட்டுப்புறக் கலையை ஆராய்ந்தார், தன்னானே கலைக்குழு கட்டினார், இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனார், 'பலி ஆடுகள்' நாடகம் எழுதினார், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 2005இல் 'வடு' எழுதினார். 2016 ஜனவரியில் போய்விட்டார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் சேரிப் பெண்கள் தாங்களே பறையெடுத்து ஆடுகிறார்கள். ஆம்பளை மட்டும் தொட்ட கருவி அது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோசம்தான். ஆனால் பட்டத்தைப் பார்த்துக் கைதட்டுகிற ஊர்களிலேயே இன்னும் எத்தனை தெருவில் சாவுக்குக் கட்டாயமாகக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

பறை விடுதலைக் கருவியா, அடிமைச் சின்னமா என்று முப்பது வருசமாகப் பட்டிமன்றம் நடத்திவிட்டோம். தோலுக்கும் கட்டைக்கும் அப்படி ஒரு குணமும் கிடையாது. அடிக்க மாட்டேன் என்று சொல்கிற உரிமை அடிக்கிறவனிடம் இருக்கிறதா? அதுதான் கேள்வி. லூயிவில் மேடையில் டன்ஹாம் சொன்னதும் எங்க தெருவில் தாத்தா சொன்னதும் ஒரே சொல். ஆகவே பறையைக் கீழே வைத்த கிழவர்களைப் பழமைவாதி, கலை தெரியாதவர் என்று நம்ம மாணவத் தோழர்கள் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் மறுத்ததால்தான் இன்றைக்கு அந்தப் பெண் அதை ஆசைப்பட்டு எடுக்க முடிகிறது. விருப்பம் என்கிற சொல்லே அதற்குள் அப்போதுதான் வந்தது.

நம்ம யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் போன ஊர்வலங்களில் முன்னால் பறை, பின்னால் தலைவர்கள். வெயிலில் மூணு மணி நேரம் ஆடியவர்களுக்குக் கடைசிப் பந்தியில் ஆறிப்போன பொட்டலம், பஸ் காசு, "நம்ம இயக்கம்தானே அண்ணே" என்கிற ஒரு வார்த்தை. மேடையில் நாற்காலி கிடையாது. நோட்டீசில் பேர் கிடையாது, 'பறை முழக்கம்' என்று மட்டும் இருக்கும். அதில் நானும் கையெழுத்துப் போட்ட நோட்டீசுகள் உண்டு. கம்பும் சாராயமும் கொடுத்தவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று தாத்தா கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இனி இந்த இதழ் நடத்துகிற கூட்டம் எதுவானாலும் ஆட்டக்காரர் கூலி முதலில் பேசி முடிக்கப்படும். பேச்சாளர் பேருக்கு இருக்கிற அதே எழுத்தில் அவர்கள் பேர் அச்சாகும். பணம் இல்லையென்றால் பறை இல்லாமல் கூட்டம் நடத்துவோம்.

அண்ணன் மகள் இப்போது சனிக்கிழமை தவறாமல் ஊருக்குப் போகிறாள். பறையை வீட்டில் மாட்டி வைத்துவிட்டுத் தாத்தா திண்ணையில் போய் உட்காருகிறாள். அவர் இன்னும் ஒரு அடிகூடச் சொல்லித் தரவில்லை. கடை அடைத்த மாசங்களைப் பற்றிச் சொல்கிறார், யார் யார் கூட நின்றார்கள், யார் நழுவினார்கள், எந்த வீட்டில் முதலில் அடுப்பு அணைந்தது என்று. அவள் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள். நாற்பது பக்கம் ஆகிவிட்டது. தாத்தாவிடம் கேட்டோம், போடுங்க என்றார். அடுத்த இதழிலிருந்து வரும்.