ஊற்று நீர் கட்டிய கல்



கல் என்றால் கெட்டியானது, அதற்குள் காற்றுக்குக்கூட இடமில்லை என்றுதான் நாம் நினைக்கிறோம். எல்லாக் கல்லும் அப்படியில்லை. உள்ளே எண்ணற்ற துளைகளை ஒளித்து வைத்திருக்கும் ஒரு கல்லைப் பற்றி இம்முறை பேசுவோம். அதன் பெயர் டிராவர்டைன்.

இக்கல்லைக் கட்டுவது ஊற்று நீர். நிலத்தடி நீர், கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. அது ஊற்றாக வெளியே வந்ததும், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல வாயு பறந்துவிடுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்து கல்லாகிறது. பத்துமலைக் குகையில் தொங்கும் கல் விழுதுகளும் ஏறக்குறைய இதே முறையில் உண்டானவைதாம்.

ஊற்றோரத்துப் பாசியின் மேலும் புல்லின் மேலும் இந்தச் சுண்ணாம்பு படிகிறது. நாளடைவில் செடி மக்கிப் போக, அது இருந்த இடம் துளையாக நிற்கிறது. வாயுக் குமிழிகளும் தம் பங்குக்குத் துளைகளை விட்டுச் செல்கின்றன. சில துளைகளில் விரல் நுழையும். சிலவோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இரா.

இத்தாலியில் ரோம் நகருக்கு அருகிலுள்ள திவோலி இக்கல்லுக்குப் பேர்போன ஊர். கி.பி. 80-ல் திறக்கப்பட்ட கொலோசியம் அரங்கம் பெரும்பாலும் இக்கல்லால் எழுந்தது. துருக்கியில் பாமுக்கலே என்னுமிடத்தில் வெள்ளைப் படிக்கட்டுகளாக இது இன்றும் வளர்கிறது. அந்தப் பெயருக்குப் 'பருத்திக் கோட்டை' என்று பொருள்.

சரி, இந்தத் துளைகளை ஏன் அளக்க வேண்டும்? 2006-ல் பிரேசில் நாட்டுக் கடலில், 2,000 மீட்டருக்கும் ஆழமான நீருக்கு அடியில், தடித்த உப்புப் படலத்திற்கும் கீழே பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஏரிபோலத் தேங்கிக் கிடக்கவில்லை. 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய சுண்ணாம்புப் பாறையின் துளைகளில் இருந்தது. அத்தனை ஆழத்திலிருந்து கல்லெடுப்பது பெருஞ்செலவு. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க, கைக்கெட்டும் டிராவர்டைனையும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். துளை நிறைய இருந்து, ஒன்றுக்கொன்று வழி இல்லாவிட்டால் எண்ணெய் வெளியே வராது. கணக்குத் தவறினால் போட்ட பணமெல்லாம் கடலோடு போய்விடும்.

அளக்கும் முறைகளைப் பாருங்கள். முதலாவது, எடை. காய்ந்த கல் 244 கிராம். நீரை உறிஞ்சியபின் 254 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போன நீர் 10 கிராம், அதாவது 10 கன சென்டிமீட்டர். கல்லின் மொத்த அளவு 100 கன சென்டிமீட்டரானால், துளை 10 விழுக்காடு.

இரண்டாவது, பாதரசம். இது தானாகக் கல்லுக்குள் நுழையாது. அழுத்தித்தான் புகுத்த வேண்டும். துளை சிறுக்கச் சிறுக்க அழுத்தம் கூட வேண்டும். இதற்கான கணக்கை 1921-ல் வாஷ்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர் தந்தார். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் 4,000 மடங்கு கொடுத்தால், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் நான்கு பங்கு அகலத் துளைக்குள்ளும் பாதரசம் புகும். ஆனால் இது சொல்வது துளையின் வாயளவு மட்டுமே. குறுகிய வாயுள்ள குடத்துக்கு எத்தனை பெரிய வயிறு என்று இது காட்டாது. பாதரசம் நஞ்சு, அந்தக் கல்லும் பிறகு வேறு சோதனைக்கு உதவாது.

மூன்றாவது, எக்ஸ்-ரே. கல்லைச் சுழற்றிச் சுழற்றிப் படமெடுத்தால் மூடிக்கிடக்கும் துளையும் தெரியும். ஆனால் மிக நுண்ணிய துளைகள் படத்தில் விழா. எனவே ஒரே கல்லுக்கு மூன்று முறைகளும் மூன்று விடை தரலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவரே உண்மைக்கு அருகில் போவார்.

இது நமக்குப் புதிதா? பால் நிறுக்கும்போது எடை மட்டும் பார்ப்பதில்லையே! பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்த்துத்தானே கூலிக் கணக்கு? யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், எதை, எப்படி அளந்தார்கள் என்று கேட்பது நம் உரிமை.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: காய்ந்த செங்கல் துண்டொன்றை நிறுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, மேலீரத்தைத் துடைத்து மறுபடியும் நிறுங்கள். பிறகு விளிம்புவரை நீர் நிரப்பிய பாத்திரத்தில் அதை மெல்ல இறக்கி, வழியும் நீரைப் பிடித்து நிறுங்கள். கூடிய எடையை வழிந்த நீரின் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் துளையின் விழுக்காடு வரும். அந்த எண்ணில் சேராத துளைகள் எவை என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்!