தண்ணீருக்குக் காத்திருந்த பொறுமை பிள்ளைக்கும் வேண்டும்

ஜூன் 12 என்றால் மேட்டூர் அணை திறப்பு என்பது டெல்டாவின் கணக்கு. 2012 முதல் 2019 வரை 8 ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. ஆழ்குழாய்க் கிணறு இல்லாதவர்களுக்குக் குறுவை கைவிட்டுப் போனது. அதற்காக ‘இந்த வயல் உதவாது’ என்று நீங்கள் சொல்லவில்லை. சம்பாவுக்கு நாற்று விட்டீர்கள். 2020-ல் குறித்த நாளில் தண்ணீர் வந்தது.

படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளையிடம் அந்தப் பொறுமையைக் காட்டுகிறோமா? குரூப்-4 தேர்வை லட்சக்கணக்கானோர் எழுதுகிறார்கள். அதில் ஒருமுறை தவறினால், ‘இதற்கா நிலத்தை அடகு வைத்தேன்?’ என்கிறோம். பெண் பிள்ளை என்றால் உடனே கல்யாணப் பேச்சு. டீக்கடையிலும் விசேஷ வீட்டிலும் ‘இன்னும் வீட்டில்தானா?’ என்ற கேள்வி. முதலில் விசேஷங்களுக்குப் போவது நிற்கிறது, பிறகு விண்ணப்பம் போடுவதும் நின்றுவிடுகிறது. நாம் அதைச் சோம்பல் என்கிறோம். உள்ளே இருப்பது அவமானம்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற கிராமத்தில் ஜவுளி ஆலை மூடப்பட்டு, ஊரே வேலை இழந்தது. மரி யஹோதா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த ஊரைப் பற்றி 1933-ல் நூல் வெளியிட்டனர். பொழுது ஏராளமாக இருந்தும், மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூடக் குறைந்துபோயிருந்தது. வேலையோடு ஊக்கமும் போய்விட்டது.

இன்னொரு தடையும் நம்மால் வருவதுதான். சம்பா அறுவடைக்கு வெளி மாவட்டத்திலிருந்து இயந்திரம் வருகிறது, ஓட்டுநரும் வருகிறார். டிப்ளமோ படித்த நம் பையன் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறான். ‘படித்தவன் சேற்றில் இறங்குவதா?’ என்று ஊர் சிரிக்கும் என்ற பயம். அரசு வேலைக்குப் படிக்கட்டும். இடையில் இதையும் கற்றுக்கொண்டால் கையில் காசு இருக்கும், மனம் தளராது.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு. தயங்குகிற பிள்ளையை முதல் நாள் நீங்களே அழைத்துப் போங்கள். ‘வேலை கிடைத்ததா?’ என்று கேட்காதீர்கள். அது அவர்கள் கையில் இல்லை. ‘இந்த வாரம் எதற்கு விண்ணப்பித்தாய்?’ என்று கேளுங்கள். அது அவர்கள் கையில் இருக்கிறது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விதை, உரம் பற்றிப் பேச வரும்போது அந்த வீட்டுப் பிள்ளையையும் கூப்பிட்டு, இயந்திரப் பயிற்சி எங்கே, எப்போது என்று சொல்லுங்கள். அப்பா சொன்னால் கேட்காத பிள்ளையும் நீங்கள் சொன்னால் கேட்கும்.