கிறிஸ்மஸ் விருந்தும் வீட்டுக் கடிகாரமும்



பவானிபூருக்கு நாங்கள் குடிவந்த முதல் வருஷம், கிறிஸ்மஸ் தினத்தன்று பத்துப் பேருக்கு எங்கள் வீட்டில் விருந்து. பகல் 12.30 மணிக்குச் சாப்பாடு என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தேன். மட்டன் பிரியாணி, கோழி வறுவல், சிக்கன் 65, முட்டை மசாலா, கத்தரிக்காய்க் குழம்பு, தயிர்ப் பச்சடி, பாயசம் என ஏழு பதார்த்தங்கள். வேலை முடியாதோ என்று பயந்து காலை ஆராதனைக்கே போகாமல் அடுப்படியில் நின்றேன். அப்படி நின்றும் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி 3.20.

அதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. என் அத்தைக்கு (மாமியாரை அப்படித்தான் அழைப்பேன்) நீண்டகாலமாகச் சர்க்கரை வியாதி. 12.30 மணிக்குச் சாப்பாடு என்று நான் சொன்னதை நம்பி, 12 மணிக்கே இன்சுலின் போட்டுக்கொண்டு காத்திருந்தார். "இதோ ஆகிவிட்டது அத்தை" என்று நான் மூன்று முறை சொன்னேன். 1.30 மணியளவில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. வந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி நர்ஸ். அவள் ஓடிவந்து மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். கால்மணி நேரத்தில் அத்தை தெளிந்தார். கர்த்தருடைய கிருபை என்று எல்லாரும் ஸ்தோத்திரித்தார்கள். நானும் ஸ்தோத்திரித்தேன். ஆனால் குற்றம் என்னுடையது என்று என் மனதுக்குத் தெரியும்.

(இன்சுலினோ சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுத்தபின் உணவு தாமதமானால் இப்படி நேரிடும். நினைவு இருக்கும்போதுதான் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.)

ஊரில் எங்கள் அம்மா ஐம்பது பேருக்கும் பதறாமல் சமைத்திருக்கிறார்கள். எனக்கு ஏன் முடியவில்லை என்று அன்றிரவு அழுதேன். பிறகு நிதானமாக யோசித்தபோது விளங்கிற்று. ஊரில் கொல்லைப்புறத்தில் நான்கு கல் அடுப்பு மூட்டலாம். சித்தியும் அத்தைமாரும் சூழ்ந்திருப்பார்கள். இங்கேயோ இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் நுழைய இடமில்லாத சமையலறையும், இரண்டு பர்னர் கொண்ட ஒரே ஸ்டவ்வும். ஏழு பதார்த்தங்கள் இரண்டு அடுப்புகளுக்காக வரிசையில் நின்றன. நான் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அடுப்பு வேகமாக ஓடாது.

இங்கிலாந்தில் டெலியா ஸ்மித் என்னும் சமையல் எழுத்தாளர் 1990-ல் வெளியிட்ட கிறிஸ்மஸ் சமையல் புத்தகத்தில், கடைசி 36 மணி நேரத்துக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். எந்த மணிக்கு எது அடுப்புக்குள் போகவேண்டும் என்பதே அதன் பொருள். அவர்கள் வீடுகளில் அவன் ஒன்று. அதை வான்கோழியே அடைத்துக்கொள்ளும். நமக்கு பர்னர் இரண்டு. ஆயினும் கணக்கு ஒன்றுதான்: உட்காரும் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நாம் காலை விழித்த நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணுகிறோம், அங்கேதான் தவறுகிறோம்.

உட்காரும் நேரம் எது? கொல்கத்தாவில் இதை நன்றாக யோசிக்க வேண்டும். 24, 25 ஆகிய இரு மாலைகளிலும் பார்க் ஸ்ட்ரீட்டில் கூட்டம் அலைமோதும். 2011-லிருந்து மாநில அரசே அங்கே கிறிஸ்மஸ் விழா நடத்திவருகிறது. மாலையில் வாகனங்களைக் கட்டுப்படுத்தி, சாலையை நடப்பவர்களுக்கு விட்டுவிடுகிறார்கள். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து நம் பவானிபூருக்குத்தான் ஓடிற்று. அந்த நிலையம் இன்று நேதாஜி பவன். வடக்கேயிருந்து அந்த மெட்ரோவில் நம் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தைக் கடந்தே வரவேண்டும். அந்த மாலையில் 7 மணிக்கு வாருங்கள் என்றால் 8.30 ஆகும், குழம்பை நான்கு முறை சூடாக்கவேண்டிவரும். மேலும் வங்காளிகள் இந்நாளைப் பெரிய நாள் என்று அழைத்தாலும் அன்று பகல் மிகக் குறுகியது. 5 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே என் அபிப்பிராயம் பகல் விருந்துதான். எங்கள் வீட்டில் 1.15. பிள்ளைகள் 3 மணிக்கு எழுந்தால், அலங்கார விளக்குகளைப் பார்க்க நேரம் மீதியிருக்கும்.

நம் சபைகளில் சில இந்த நாளைப் பண்டிகையாக ஆசரிப்பதில்லை என்பதை அறிவேன். அவர்கள் வீட்டிலும் அன்று விடுமுறை. அங்கேயும் விருந்தாளிகள் வருவார்கள். டிசம்பர் 23-ந் தேதி சென்னைக்குப் புறப்படும் கோரமண்டல் விரைவுவண்டியில் இடம் வேண்டுமானால் அக்டோபரிலேயே பதிந்திருக்க வேண்டும். சால்ட் லேக்கில் வேலைசெய்யும் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்குமா என்று அக்டோபரில் யாருக்குத் தெரியும்? ஊருக்குப் போகமுடியாத அவர்கள்தான் நம் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள்.

அடுத்ததாக, எதைச் சமைப்பது? காத்திருந்தால் ருசி கூடுகிற பதார்த்தம் உண்டு, காத்திருந்தால் கெட்டுப்போகிற பதார்த்தமும் உண்டு. விருந்தில் முதல் வகை பெரும்பாலும், இரண்டாம் வகை ஒன்றிரண்டும் இருக்கவேண்டும். என் பழைய பட்டியலில் பிரியாணி, வறுவல், 65 ஆகிய மூன்றும் கடைசி நிமிஷத்தில் அடுப்பைக் கேட்பவை. இப்பொழுது மூன்றையும் தள்ளிவிட்டேன். பிரியாணி இல்லாத கிறிஸ்மஸா என்று என் கணவர் முதலில் முகம் சுளித்தார். பிரியாணி வேண்டுமானால் இந்நகரத்தில் உருளைக்கிழங்கு போட்ட நல்ல பிரியாணி வருஷமெல்லாம் கடையில் கிடைக்கும் என்றேன்.

அதற்குப் பதிலாக நெய்ச்சோறும் மட்டன் குழம்பும். மட்டன் குழம்பு 24-ந் தேதி சாயங்காலமே வைக்கப்படுகிறது. மறுநாள் அதற்கு ருசி கூடுமே தவிரக் குறையாது. பத்துப் பேருக்கு எலும்போடு 2 கிலோ போதும். 5 லிட்டர் குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பக்கூடாதாகையால் இரண்டு தடவையாக வேகவைக்க வேண்டும். முதல் விசிலுக்குப் பின் சிறு தீயில் 25 முதல் 30 நிமிஷம். இளம் ஆட்டுக்கறி இதற்கு முன்பே வெந்துவிடும்.

டிசம்பர் குளிரை நம்பிக் குழம்பை இரவெல்லாம் மேடையில் மூடிவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வேண்டாம். கொல்கத்தாவின் டிசம்பர் இரவு 13, 14 டிகிரிக்கு இறங்கினாலும் சமையலறைக்குள் அவ்வளவு குளிர் இராது. குளிர்சாதனப் பெட்டியோ 5 டிகிரிக்குள் இருக்கவேண்டியது. கனத்த பாத்திரம் ஆற நெடுநேரம் ஆகும். குழம்பை இரண்டு மூன்று அகலமான பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் ஓரத்தில் மட்டுமல்ல, நடுவிலும் கொதி வருமட்டும் சுடவைக்க வேண்டும்.

பாயசமும் 24-ந் தேதியே. இங்கே குளிர்காலத்தில் மட்டும் வருகிற புது ஈச்சவெல்லமும் கோவிந்தபோக் அரிசியும் ஜகுபாஜார் என்று வழங்கும் நம் ஜதுபாபு சந்தைப் பக்கத்திலேயே வாங்கலாம். ஒரு லிட்டர் பாலுக்கு 75 கிராம் அரிசி. வெல்லத்தைக் கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துபோகும். இறக்கி, சற்று ஆறியபின் சேர்க்கவேண்டும். வங்காளிகள் இதைக் குளிரவைத்தே உண்கிறார்கள். ஆக, மறுநாள் இதற்கு அடுப்பே தேவையில்லை. வாழையிலை, கறிவேப்பிலை, தேங்காய்க்கு மட்டும் லேக் மார்க்கெட்டுக்குப் போகவேண்டும். அதை 23-ந் தேதியே முடித்துவிடலாம்.

கேக்கை நான் வீட்டில் செய்வதில்லை. நியூ மார்க்கெட் 1874-ல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு யூதக் குடும்பம் 1902-ல் தொடங்கிய நாஹூம் கடையின் பழக் கேக்குக்காகக் கிறிஸ்தவர்களும் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நிற்கும் காட்சி எனக்கு மிகவும் பிரியம். ஆனால் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அந்த வரிசையில் நிற்காதீர்கள். பழக் கேக் நன்கு மூடிவைத்தால் நாள் தாங்கும். பத்து நாள் முன்னதாகவே வாங்கிவிடலாம். மத்திய கொல்கத்தாவின் சில பழைய பேக்கரிகளில், நாமே மாவும் பழமும் கொண்டுபோனால் அவர்கள் அடுப்பில் சுட்டுக் கொடுப்பதும் உண்டு. மேல்மாடியில் இருக்கும் குஜராத்திக் குடும்பத்தாருக்கு முட்டையில்லாத கேக் ஒன்று தனியே வாங்கிவைக்கிறேன். எங்கள் மட்டன் வாசனையை வருஷமெல்லாம் பொறுத்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.

இப்பொழுது அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். ஒரு நோட்டுத் தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் பெரிய பர்னர், வலப்பக்கம் சிறிய பர்னர் என்று எழுதுங்கள். கீழே 1.15 என்று எழுதி மேல்நோக்கி நிரப்புங்கள். அப்பளம் கடைசி, 1.05. பூக்கோசு, பட்டாணிப் பொரியல் சிறிய பர்னரில் 12.50 முதல் 1.05 வரை, டிசம்பரில் இவ்விரண்டும் இங்கே பிஞ்சாகவும் மலிவாகவும் கிடைக்கும். நெய்ச்சோறு தம்மில் இருக்க 15 நிமிஷம் வேண்டும், அதனால் 12.55-க்கு இறக்கவேண்டும், வேக 25 நிமிஷம், ஆகவே 12.30-க்கு அரிசி உள்ளே. தாளிக்க 10 நிமிஷம், 12.20. ஒன்றேகால் கிலோ அரிசிக்கு வேண்டிய இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதிக்கவே கால்மணி நேரம் பிடிக்கும் என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சிறிய பர்னரில் 12.10-க்கு ஏறவேண்டும். தண்ணீரைச் சோற்றில் ஊற்றியவுடன் அதே பர்னரில் குழம்பு ஏறும், 12.30 முதல் 12.50 வரை.

ஆராதனை 11.15-க்கு முடிகிறது, 11.45-க்கு வீடு. வந்தவுடன் முதல் வேலை இவை எதுவும் அல்ல. சிறு வாணலியில் ஒரு கிண்ணம் குழம்பு சூடாகி, காலையில் சுட்டுவைத்த சப்பாத்தியோடு அத்தையின் தட்டுக்குப் போகிறது. தட்டு கண்ணுக்கு முன் வந்த பின்புதான் அவர் ஊசி போட்டுக்கொள்வார். பிறகு எல்லாரோடும் உட்கார்ந்து ஒரு கரண்டி பாயசம் ருசி பார்ப்பார். சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் இதே நேரத்தில் கொடுத்துவிடுங்கள். எல்லாரும் சேர்ந்து உண்ணவேண்டும் என்பது நல்ல ஆசைதான்; ஆனால் வயோதிபரையும் குழந்தையையும் அதற்காகப் பட்டினி போடலாகாது.

மார்த்தாளைப்பற்றி நாம் அநேக பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அவள் பற்பல வேலைகளால் வருத்தமடைந்ததைச் சொல்லி நம்மைக் கடிந்துகொள்கிறார்கள். அந்த வீட்டில் அன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று லூக்கா எழுதவில்லை. யாராவது சமைத்துத்தானே இருக்கவேண்டும்? சகோதரர்களே, இந்தப் பக்கத்தை நீங்களும் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெங்காயம் உரிப்பதும், இலை கழுவுவதும், சாப்பிட்டபின் பாத்திரம் தேய்ப்பதும் உங்கள் பெயரில் அந்தக் காகிதத்தில் எழுதப்படட்டும். வருகிற பிள்ளைகள் என்ன வாங்கிவரட்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஒருவர் தயிர், ஒருவர் வாழைப்பழம், ஒருவர் குடிதண்ணீர். கையில் ஒன்றைக் கொண்டுவந்தவன் கூச்சமின்றி இரண்டாம் முறை சோறு கேட்பான்.

காஸ் சிலிண்டரை 20-ந் தேதியே பாருங்கள். ஈரத்துணியால் துடைத்தால் காஸ் உள்ள மட்டும் ஈரம் தாமதமாய்க் காயும். எடை பார்க்க முடிந்தால் இன்னும் நிச்சயம்: வெறும் சிலிண்டரின் எடை மேல்வளையத்தில் பொறித்திருக்கும், நிறைந்ததில் 14.2 கிலோ காஸ். 24-ந் தேதி இரவு தீர்ந்துபோனால் நல்ல அயலாரைத் தவிர வேறு வழியில்லை.

சென்ற கிறிஸ்மஸுக்கு நான் ஆராதனையில் கடைசி ஜெபம் வரை இருந்தேன், 1.25-க்கு எல்லாரோடும் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் தாமதம். தேக்சா நிறைய நெய்ச்சோறு வேக எங்கள் பர்னருக்கு 25 நிமிஷம் போதவில்லை, 35 ஆயிற்று. அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகிதத்தில் 12.30-ஐ அடித்து 12.20 என்று திருத்தி, தாளிப்பையும் தண்ணீரையும் பத்துப் பத்து நிமிஷம் முன்னே தள்ளியிருக்கிறேன்.